சிஸ்டரைக் கேளுங்கள்: எடை பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பலாமா?

போன இதழில், பிரசவம் ஆகி வீடு திரும்பிய பெண்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசு ஆரோக்கிய ஊழியர்களான ஆஷா தாயிகளைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தாராவி, மான்குர்த், ஆண்டாப்ஹில், குர்லா என்று மும்பை முழுக்க இருந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை வீடு தேடி வரும் ஆரோக்கிய ஊழியர்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நானும் ஹெல்த் போஸ்ட் என்கிற மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சந்து சந்தாக ஏறி இறங்கியவள்தான், அதனால் பதில் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், எனக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு ஒன்பது நாள். சுகப்பிரசவம்தான். பிறந்தபோது எடை 2 கிலோ 300 கிராம். வீட்டுக்கு வந்த மறுநாளே ஒரு ஆஷா தாயி பையும் தராசுமாக வந்தார். என் அத்தை, "பச்சப் பிள்ளையத் தூக்கி எடை போட்டா கண்ணு பட்டுரும், தீட்டு கழியட்டும்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவர் வரவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறாள். அவரை நான் கூப்பிட வேண்டுமா, இல்லை அடுத்த ஊசிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம், தாராவி)

பதில்: கூப்பிடு தங்கச்சி, இன்றைக்கே கூப்பிடு. அடுத்த ஊசி ஆறு வாரத்தில்தான், அதுவரை காத்திருக்க முடியாது. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்த எந்தக் குழந்தையையும் எடை குறைந்த குழந்தை என்றுதான் கணக்கில் வைப்போம், உன் மகளும் அதில் வருகிறாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா ஆறு முறை வந்து பார்க்க வேண்டும் என்பது அரசு வகுத்த முறை: 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில். அதில் உனக்கு இரண்டு முறை ஏற்கெனவே போய்விட்டது. பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நேர்ந்துவிடுகிறது, அதனால்தான் ஆரம்பத்தில் இப்படி அடுத்தடுத்து வருகிறார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. பால் குடிக்க எழுப்பினால் எழுகிறாளா, வாயில் வைத்தால் நன்றாக உறிஞ்சுகிறாளா? எழவில்லை, உறிஞ்சவில்லை என்றால் ஆஷாவுக்கும் காத்திருக்காதே, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

அந்தப் பையில் பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் தராசு, பிள்ளையைப் படுக்க வைத்துத் தூக்கும் துணித் தூளி, தெர்மாமீட்டர், ஒரு கம்பளி, அவ்வளவுதான். ஊசி கிடையாது. முதலில் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுவாவிட்டால் நீயே தண்ணீர் எடுத்துக் கொடு. அக்குளில் வைத்துச் சூடு பார்ப்பார். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு முறை எண்ணுவார், அப்போதும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிகிறதா, உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருக்கிறதா, தொப்புள் சிவந்து நீர் வடிகிறதா என்று பார்ப்பார். அப்புறம் நீ பால் கொடுப்பதை உட்கார்ந்து பார்ப்பார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

வீட்டில் வந்து பார்த்தால் மட்டும் தெரிகிற விஷயங்கள் உண்டு. ஒரு மே மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது, தகர ஷீட் போட்ட ஒரு கோலிக்குள் (அறைக்குள்) நுழைந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையைத் துணி போடாமல் தரையில் பாயில் விட்டிருந்தார்கள், நேர் மேலே ஃபேன் முழு வேகத்தில். புழுக்கம் தாங்காமல் பாட்டி அன்பாகத்தான் போட்டிருக்கிறார். புறங்கையைப் பிள்ளையின் வயிற்றில் வைத்தேன், சூடாக இருந்தது. பாதத்தில் வைத்தேன், குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. வயிறு சூடு, கால் சில்லென்றால் பிள்ளை குளிரை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபேனை நிறுத்தி, தலைக்குக் குல்லா போட்டு, அம்மாவின் ரவிக்கையைத் திறந்து நெஞ்சோடு நெஞ்சாக வைத்து மேலே சேலையைப் போர்த்தினோம். முக்கால் மணி நேரத்தில் கால் இளஞ்சிவப்பாகி, தானாகவே வாயைத் திறந்து பால் தேடியது. அந்தப் பிள்ளையை ஓபிடிக்குத் தூக்கி வந்திருந்தால் சட்டை, குல்லா எல்லாம் போட்டுப் போர்த்தித்தான் கொண்டுவந்திருப்பார்கள், எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

இந்த முறை வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை. நம் மகாராஷ்டிரத்திலேயே, கட்சிரோலியில், டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிப் பார்த்தார்கள். அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 2011 இல் மத்திய அரசு இதையே நாடு முழுக்க ஆஷாக்களின் வேலையாக ஆக்கியது. அதே 1999 இல்தான், சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகளைப் பார்த்துவந்த, 1989 இல் அங்கே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ், குடிசைப் பகுதிகளுக்குள் போய் வேலை செய்ய ஸ்னேஹா என்ற அமைப்பையும் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்குள் இருந்தே எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது என்று பெரிய டாக்டர்களே இறங்கி வந்திருக்கிறார்கள், தங்கச்சி.

சரி, அத்தையை என்ன செய்வது? சண்டை போடாதே. பிள்ளை மேல் உள்ள பயத்தில்தான் சொல்கிறார். ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கச் சொல், கண்ணில் மை தீட்டாமல் உள்ளங்காலில் வைக்கச் சொல், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தூளியில் பிள்ளையை அவர் கையாலேயே போடச் சொல். எடையை வெளியே சொல்லாமல் அத்தையின் காதில் மட்டும் சொல்லும்படி ஆஷாவிடம் கேட்டுக்கொள். நான் பார்த்த வரைக்கும், தன் கையால் தூளியில் போட்ட எந்த மாமியாரும் அடுத்த முறை வாசலில் மறித்ததில்லை, "போன வாரத்தவிட எவ்வளவு கூடியிருக்கு?" என்று அவரே முதலில் கேட்பார். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை, வசம்பு உரைத்து ஊற்றுவது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, இவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தொப்புளில் எதையும் தடவ வேண்டாம்.

வருகிறவருக்குத் தமிழ் தெரியாதே என்று தயங்கினால் மூன்றே மூன்று வாக்கியம் போதும். "பாள் தூத் பீத் நாஹீ" என்றால் பிள்ளை பால் குடிக்கவில்லை. "தாப் ஆஹே", காய்ச்சல் இருக்கிறது. "வஜன் கிதீ?", எடை எவ்வளவு. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. மாமியார் தூத்துக்குடிக்குத் திரும்பிப் போய்விட்டார். மனைவி யாரிடமும் பேசுவதில்லை, குழந்தை அழுதாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்குவதில்லை. என் அண்ணி "சோம்பேறித்தனம்" என்கிறார். ஆஷா வந்தபோது குழந்தை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். (ஒரு கணவர், மான்குர்த்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதே பாதி வைத்தியம். பிரசவமான முதல் பத்துப் பதினைந்து நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பெண்களுக்கு உண்டு, தானே போய்விடும். ஏழு வாரம் ஆகியும் இப்படி இருப்பது அது இல்லை. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, எதுவும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற ஐந்து பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு மனநலத் தொந்தரவு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, அதில் முக்கியமானது இந்தச் சோர்வுதான். பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராதது இதன் பெரிய அடையாளம்.

ஆஷாவை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நான் வேலையில் இருந்தபோதே மீட்டிங்குகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். 42 ஆம் நாளோடு அந்த வருகைகள் முடிகின்றன. அடுத்தது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போது. உங்கள் மனைவி சரியாக அந்த இடைவெளியில் விழுந்திருக்கிறார். வந்தபோதும் எல்லோர் கண்ணும் குழந்தை மேல்தான், தாயின் முகத்தைப் பார்த்து "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டவர் யார்?

செய்ய வேண்டியது இதுதான். 14416 க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு அவர் கையில் கொடுங்கள். இந்த வாரமே பக்கத்துப் பெரிய முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், கூடவே ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அவையும் ஆளை இப்படிச் சுருட்டிப் போட்டுவிடும். மாத்திரை எழுதினால் பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. இரவில் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீங்கள் வாங்கி, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, நீங்களே தூங்கவையுங்கள். அவருக்கு ஒரே மூச்சில் நான்கு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

செத்துப்போகலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ சொன்னால், இல்லாத குரல் கேட்கிறது என்று சொன்னால், போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. அதுவரை அவரையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள்.

கேள்வி: சிஸ்டர், நானே ஒரு ஆஷாதான், தமிழ்ப் பொண்ணு. நம் ஆட்கள் வீட்டிலேயே என்னை உள்ளே விடுவதில்லை. பில்டிங் என்றால் வாட்ச்மேனே நிறுத்திவிடுகிறார். ஒரு குழந்தையை 42 நாள் வரை போய்ப் பார்த்து முடித்தால் 250 ரூபாய். சில நாள் அழுகை வருகிறது. (ஆண்டாப்ஹில்)

பதில்: உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு தடவை படியேறி இறங்க 250 ரூபாய் என்பது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுதான் மூலக் கோளாறு. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து உலக சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்தது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள், அதில் நீயும் ஒருத்தி. விருது அரிசி வாங்கித் தராது, தெரியும். இருந்தாலும் உன்னைத் தடுக்கிற வாட்ச்மேனுக்கு இது தெரியட்டும்.

கதவு திறக்க எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். தண்ணீர் வரும் நேரத்தில் போகாதே, குழாயடியில் இருக்கிற எவளும் உன்னோடு பேசமாட்டாள். பில்டிங் என்றால் சொசைட்டி செக்ரட்டரியிடம் அடையாள அட்டையைக் காட்டி ஒரு முறை பேசிவிடு, பிறகு வாட்ச்மேன் தொல்லை குறையும். உள்ளே போனதும் ரிஜிஸ்டரை எடுக்காதே. கீழே உட்கார், பெற்றவளைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேள். ரேஷன் கார்டு, சர்வே, மறுகுடியேற்றம் என்று எதற்கோ ஆள் வந்திருக்கிறது என்கிற பயம் தாராவிப் பக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, பேப்பரைக் கண்டாலே வாய் மூடிவிடும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாதே. காசநோய் மாத்திரை சாப்பிடும் பெண் இருக்கிற வீட்டுக்கு முன்னால் நின்று சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. அந்த ஒரு நம்பிக்கை வந்துவிட்டால் சந்து முழுக்க உனக்குத் திறக்கும்.

வாசிக்கிறவர்களே, இந்தப் பெண் உங்கள் வாசலில் வந்து நின்றால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

கேள்வி: பிரசவத்துக்குத் திருநெல்வேலி போய் நான்கு மாதம் கழித்துத் திரும்பினேன். அங்கே கொடுத்த அட்டை தமிழில் இருக்கிறது. பத்தாவது வார ஊசி விட்டுப்போயிற்று. இங்கே யாருமே வரவில்லை. மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? பிரதமரின் மகப்பேறு உதவித் திட்டத்தின் 5,000 ரூபாய் கிடைக்குமா? (குர்லா)

பதில்: முதலிலிருந்து வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். யாரும் வரவில்லை என்றால் நீங்கள் இங்கே இருப்பதே அவர்கள் பட்டியலில் இல்லை என்று பொருள். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் ஏரியா ஹெல்த் போஸ்டுக்குப் போய்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பால்வாடி டீச்சரிடமும் சொல்லுங்கள். அட்டை தமிழில் இருந்தாலும் அதிலுள்ள உங்கள் 12 இலக்கத் தாய்-சேய் பதிவு எண் எல்லா ஊரிலும் செல்லும். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து மாதங்களில் ஆஷா வந்து பார்க்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைப் பொறுத்தவரை, முதல் குழந்தைக்கு 3,000, 2,000 என்று இரண்டு தவணை. இரண்டாவது பெண் குழந்தை என்றால் 6,000. குழந்தை பிறந்து 270 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தாயின் பெயரில் ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். ஊரில் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் வாங்கியிருந்தால் இந்தத் தொகையும் அதற்குள்ளேயே அடக்கம், இரண்டு முறை வராது.

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ஊரில் என் சித்தப்பாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. மும்பையில் அப்படி எதுவும் இல்லையா? (செம்பூர்)

பதில்: அந்த அளவுக்கு இங்கே இல்லை, அண்ணா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் மாதாமாதம் மாத்திரையை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது, மும்பையிலும் அது வர வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். இங்கே பிரஷர், சர்க்கரை மாத்திரையை வார்டில் உள்ள ஆப்லா தவாகானா என்கிற மாநகராட்சி கிளினிக்கில் இலவசமாக வாங்கலாம், சாயங்காலத்துக்குப் பிறகும் திறந்திருக்கும். 70 வயது தாண்டியவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் உதவும், வீட்டுப் பராமரிப்புக்கு அல்ல. முதியோர் உதவி எண் 14567. புற்றுநோயாளி என்றால் டாடா ஆஸ்பத்திரியின் வலி தணிப்புப் பிரிவு, தன்னிடம் பார்க்கும் நோயாளிகளின் வீட்டுக்கும் வருகிறது, பக்கவாதத்துக்கு அது கிடையாது. ஹெல்த் போஸ்டில் எழுதிக்கொடுத்து, படுக்கையில் இருப்பவர் என்று நர்ஸை ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நர்ஸ் வரும் வரை நீங்கள் பார்க்க வேண்டியது படுக்கைப் புண்தான். பக்கவாதம் வந்து படுத்தவரை அதுவும் சாய்த்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள், முழுசாகப் புரட்ட வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சாய்த்தாலே போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்கட்டும். விரிப்பில் சுருக்கம், பிஸ்கட் தூள், ஈரம் இருக்கக்கூடாது. கஞ்சியோ தண்ணீரோ படுத்தபடி ஊற்றாதீர்கள், நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனால் கொடுத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்காரவையுங்கள். குடித்ததும் இருமுகிறார் என்றால் மேற்கொண்டு கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்று சாயங்காலம் துணி மாற்றும்போது அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்பு இருக்கும் இடத்தையும் இரண்டு குதிகாலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்ப நிறம் வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதன் மேல் படுக்கவைக்காதீர்கள், நாளைக் காலையில் ஹெல்த் போஸ்ட் திறக்கும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள்.